ஹிட்லரை ஆதரித்த ஜெர்மன் தொழிலதிபர்கள்: பணம் எப்போது வந்தது, ஆலோசனை எதற்காக?

தேடல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் பெருந்தொழிலதிபர்களுக்கும் ஹிட்லரின் ஆட்சிக்கும் இருந்த உறவைப் பற்றிப் படிக்கும்போது, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கூற்றுகளே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. ரூர் பகுதியின் நிலக்கரி, எஃகு முதலாளிகள்தாம் பணத்தைக் கொட்டி நாஜிக் கட்சியை வளர்த்தார்கள், தொழிற்சங்கங்களையும் பொதுவுடைமைக் கட்சியையும் ஒழிப்பதற்காக ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தினார்கள் என்பது ஒன்று. சர்வாதிகாரம் வந்த பிறகு வேறு வழியின்றிப் பணிந்துபோன வணிகர்களே அவர்கள், பணம் கொடுத்ததும் ஆலைகளைப் போருக்குத் திருப்பியதும் அச்சத்தால்தான் என்பது மற்றொன்று. போருக்குப் பின் நூரெம்பெர்க்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற தொழிலதிபர்கள் முன்வைத்த வாதமும் ஏறத்தாழ இந்த இரண்டாவதுதான்.

1932 ஜனவரியில் டூசல்டோர்ஃப் நகரின் தொழிலதிபர் மன்றத்தில் ஹிட்லர் ஆற்றிய உரையையும், 1933 பிப்ரவரியில் ஹிட்லரின் நெருங்கிய துணைவரான கோரிங்கின் இல்லத்தில் நடந்த இரகசியக் கூட்டத்தையும் இரு தரப்பினரும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒரே நிகழ்ச்சி எதிரெதிரான முடிவுகளுக்குச் சான்றாவது எப்படி என்பதே எனக்குப் புரியவில்லை. ஆட்சிக்கு வருவதற்கு முன் அக்கட்சிக்கு உண்மையில் எங்கிருந்து பணம் வந்தது? வந்த பின் இந்தத் தொழிலதிபர்கள் பணம் கொடுத்ததோடு நின்றார்களா, ஆட்சியை நடத்துவதிலும் பங்கேற்றார்களா? இக்காலத்தை ஆழ்ந்து கற்றவர்கள் பெயர்களோடும் ஆண்டுகளோடும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பேரேடு எழுதியது:

வணக்கம், தேடல் அவர்களே. இந்தக் கேள்வியில் குழப்பம் நேர்வதற்குக் காரணம், 1923 முதல் 1945 வரையிலான இருபத்திரண்டு ஆண்டுகளையும் ஒரே காலமாகக் கருதிப் பேசுவதுதான். கொடுக்கப்பட்ட ஒவ்வொரு தொகைக்கும் அது கொடுக்கப்பட்ட தேதியைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நீங்கள் சொல்லும் இரண்டு கூற்றுகளுமே நிற்காது.

முதலில் 1933 ஜனவரிக்கு முந்தைய காலம். நாஜிக் கட்சி தன் அன்றாடச் செலவைப் பெரும்பாலும் தன் உறுப்பினர்களிடமிருந்தே திரட்டியது. மாதச் சந்தா, பொதுக்கூட்டங்களுக்கான நுழைவுக் கட்டணம், கட்சிப் பத்திரிகைகளின் விற்பனை, சிறு வணிகர்களின் நன்கொடை ஆகியவையே அதன் வருவாய். கூட்டத்துக்கு வருபவனிடமே காசு வாங்கிக்கொண்டு அவனுக்குப் பிரசாரம் செய்த கட்சி அது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் ஹென்றி ஆஷ்பி டர்னர் நிறுவனங்களின் ஆவணக் காப்பகங்களில் விரிவாகத் தேடி 1980களில் இதை நிறுவினார். அவருடைய முடிவுகள் சிலவற்றை மறுப்பவர்கள்கூட இந்த அடிப்படைச் செய்தியை இன்று பெரிதும் ஏற்கிறார்கள். அக்காலத்துப் பெருந்தொழிலதிபர்களின் அரசியல் நிதி பெரும்பாலும் ஜெர்மன் மக்கள் கட்சிக்கும் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சிக்கும், 1932இல் பிரதமராக இருந்த பாப்பனின் அரசை ஆதரித்த பிரசாரத்துக்குமே சென்றது. பெயரிலேயே 'சோசலிச' என்ற சொல்லைத் தாங்கி, வங்கிகளையும் பெருங்கடைகளையும் மேடையில் தாக்கிய ஒரு கட்சியை அவர்களில் பலர் நம்பவில்லை.

விதிவிலக்குகள் இருந்தன, அவை முக்கியமானவை. ரைன்-வெஸ்ட்ஃபாலியா நிலக்கரிக் கூட்டிணைவை உருவாக்கியவர்களில் தலையாயவரான எமில் கீர்டோர்ஃப் 1927இல் கட்சியில் சேர்ந்தார். தம்மைப் போன்ற தொழிலதிபர்களிடையே சுற்றுக்கு விடுவதற்காக ஒரு சிறு பிரசுரத்தை ஹிட்லரைக் கொண்டே எழுதுவித்தார். ஆனால் கட்சியின் முதலாளித்துவ எதிர்ப்புப் பேச்சைப் பொறுக்க முடியாமல் அடுத்த ஆண்டே விலகி, 1934இல்தான் மீண்டும் சேர்ந்தார். ஃப்ரிட்ஸ் தைஸ்ஸன் இன்னும் உறுதியான ஆதரவாளர். 1923லேயே முதல் உலகப்போர்த் தளபதி லூடன்டோர்ஃப் வழியாகப் பணம் கொடுத்தவர். பின்னர் மியூனிக்கில் கட்சித் தலைமையகத்துக்கான மாளிகையை வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தவர். நீங்கள் குறிப்பிட்ட டூசல்டோர்ஃப் உரைக்கு ஹிட்லரை அழைத்து வந்தவரும் அவரே. 1932 ஜனவரி 26ஆம் நாள் ஆற்றிய அந்த உரையில் ஹிட்லர் யூதர்களைப் பற்றிய தன் வழக்கமான வசைகளைத் தவிர்த்துவிட்டு, பொருளாதாரத்தில் தனியுடைமையும் அரசியலில் மக்களாட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்ற வாதத்தையே நெடுநேரம் விரித்துரைத்தார். அவையில் கைதட்டல் கிடைத்தது. கட்சி எதிர்பார்த்த அளவுக்குப் பணம் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டிலேயே வில்ஹெல்ம் கெப்லர் என்ற வேதிப்பொருள் தொழில்முனைவர் ஹிட்லரின் பொருளாதார ஆலோசகராகி, தொழிலதிபர்களும் வங்கியாளர்களும் அடங்கிய சிறு குழுவொன்றை அமைத்தார். ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பேங்க்கின் முன்னாள் தலைவர் ஹியால்மர் ஷாக்ட், கொலோன் நகர வங்கியாளர் கூர்ட் ஃபொன் ஷ்ரோடர், ஒன்றிணைந்த எஃகு ஆலைகளின் தலைவர் ஆல்பெர்ட் ஃபோக்லர், பொட்டாஷ் தொழிலின் ஆகுஸ்ட் ரோஸ்டெர்க் முதலியோர் அதில் இருந்தனர். 1932 நவம்பர் 6ஆம் நாள் தேர்தலில் நாஜிக் கட்சியின் வாக்கு விகிதம் ஜூலையில் இருந்த 37.3இலிருந்து 33.1 ஆகக் குறைந்து, கட்சி கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. நவம்பர் 19ஆம் நாள் இந்த வட்டத்தினரும் சில பெருநிலக்கிழார்களும் சேர்ந்து, ஹிட்லரைப் பிரதமராக நியமிக்குமாறு குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்குக்கு விண்ணப்பம் அனுப்பினர். கையெழுத்திட்டவர்கள் சுமார் இருபது பேர். ஷாக்ட், ஷ்ரோடர், தைஸ்ஸன் ஆகியோரின் பெயர்கள் அதில் உள்ளன. பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான தொழில்துறைப் பேரவையின் தலைவரான குஸ்டாவ் க்ருப்பின் பெயர் இல்லை. ஹிண்டன்பர்க் அந்த விண்ணப்பத்தை ஏற்காமல் படைத்தளபதி ஷ்லைகரைப் பிரதமராக நியமித்தார். ஆனால் 1933 ஜனவரி 4ஆம் நாள் கொலோனில் ஷ்ரோடரின் வீட்டில்தான் பாப்பனும் ஹிட்லரும் இரகசியமாகச் சந்தித்து, ஷ்லைகரை வீழ்த்துவதற்கான பேச்சைத் தொடங்கினர். அங்கே ஒரு வங்கியாளர் அளித்தது பணத்தைவிட மதிப்பு மிக்க ஒன்று: ஒதுக்கமாகப் பேசுவதற்கான இடம், ஒருவரை ஒருவர் நம்புவதற்கான இணைப்பு.

இனி பிப்ரவரி 20. ஹிட்லர் பிரதமராகி மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. ரைஷ்டாக் எனப்பட்ட நாடாளுமன்றத்தின் தலைவருக்குரிய பெர்லின் மாளிகையில் கோரிங்கின் அழைப்பின் பேரில் சுமார் இருபத்தைந்து தொழிலதிபர்கள் கூடினர். க்ருப், ஃபோக்லர், வேதிப்பொருள் நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பெனின் கியோர்க் ஃபொன் ஷ்னிட்ஸ்லர், மின்கலத் தொழிலின் குயுன்டர் குவான்ட், அலியான்ஸ் காப்பீட்டின் கூர்ட் ஷ்மிட் ஆகியோர் அவர்களுள் சிலர். மக்களாட்சியில் தனியார் தொழில் நிலைக்க முடியாது என்று ஹிட்லர் மீண்டும் சொன்னார். அதோடு நிற்காமல், வரும் தேர்தலில் வாக்குகளால் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் வேறு வழிகளால் எதிரிகளை முறியடிக்கப்போவதையும் மறைக்கவில்லை. மார்ச் 5ஆம் நாள் நடக்கும் தேர்தலே அடுத்த பத்தாண்டுகளுக்கு, அநேகமாக நூறாண்டுகளுக்கும் கடைசித் தேர்தலாக இருக்கும் என்று கோரிங் கூறினார். எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. க்ருப் எழுந்து நன்றி தெரிவித்தார். ஹிட்லர் வெளியேறிய பின் ஷாக்ட் முப்பது இலட்சம் ரைஷ்மார்க் திரட்டித் தரும்படி கேட்டார். ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனம் மட்டும் 4,00,000 ரைஷ்மார்க் கொடுத்தது.

என் முடிவு இந்த நாளைச் சார்ந்தே அமைகிறது. பெருந்தொழிலதிபர்களின் பணம் நாஜிக் கட்சியை வளர்க்கவில்லை. ஆட்சியில் அமர்ந்துவிட்ட ஹிட்லர் மக்களாட்சியை அடைத்துப் பூட்டுவதற்கு அது உதவியது. கொடுத்தவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாகக் காதால் கேட்ட பிறகே கொடுத்தார்கள். அச்சத்தின் மேல் பழியைப் போடுவதற்கும் அந்த நாளில் இடமில்லை, ஏனெனில் ரைஷ்டாக் கட்டடம் எரிந்ததே அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான்.

வைகறை எழுதியது:

பேரேடு அவர்களின் காலவரிசை மிகவும் பயனுள்ளது. ஆலோசனை என்ற பகுதியை நான் தொடர்கிறேன், ஏனெனில் நன்கொடைகளைவிட இதுவே ஆட்சியை நிலைநிறுத்தியது என்பது என் உறுதியான கருத்து.

1933 கோடையில் க்ருப், தைஸ்ஸன், ஃபோக்லர், ஷ்ரோடர், ஐ.ஜி. ஃபார்பென் தலைவர் கார்ல் போஷ் முதலியோரைக் கொண்டு பொருளாதாரத்துக்கான உயர்மட்ட ஆலோசனைக் குழு ஒன்று அறிவிக்கப்பட்டது. அது பெயரளவிலேயே இருந்து மறைந்தது. அந்த ஆட்சிக்குத் தொழிலதிபர்கள் கூட்டாக அமர்ந்து கொள்கை வகுப்பது தேவைப்படவில்லை. தனித்தனி வல்லுநர்களாக, தனித்தனித் துறைகளில், அவர்களுடைய அறிவும் நிறுவனங்களும் தேவைப்பட்டன.

முதலாவது ஷாக்ட். 1933 மார்ச்சில் ரைஷ்பேங்க்கின் தலைவராக மீண்டும் அமர்த்தப்பட்டு, 1934இல் பொருளாதாரத் துறையையும் ஏற்றவர். ஆயுதத்துக்குப் பணம் வேண்டும். ஆனால் அது வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படக் கூடாது, ஏனெனில் வெர்சாய் ஒப்பந்தம் ஆயுதப் பெருக்கத்தைத் தடை செய்திருந்தது. இதற்காக 'மேஃபோ' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட உலோகவியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைக் காகிதத்தில் உருவாக்கினார்கள். க்ருப், சீமென்ஸ், ரைன்மெட்டல், குட்டஹோஃப்னுங்ஸ்ஹியூட்ட ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து போட்ட அதன் மூலதனம் பத்து இலட்சம் ரைஷ்மார்க் மட்டுமே. ஆயுதம் செய்து கொடுத்தவர்கள் தமக்கு வர வேண்டிய தொகைக்கு இந்நிறுவனத்தின் மேல் மாற்றுண்டியல் (பின்னொரு நாளில் பணம் தரப்படும் என்ற சீட்டு) எழுதுவார்கள். வங்கிகள் அதை வாங்கிக்கொள்ளும். வேண்டியபோது ரைஷ்பேங்க் பணமாக்கித் தரும். அரசு அதற்கு உத்தரவாதம். 1938 வரை இவ்வாறு வெளியான மாற்றுண்டியல்களின் மதிப்பு சுமார் 1,200 கோடி ரைஷ்மார்க். வெறுங்கூடான ஒரு நிறுவனத்தின் பெயரால் ஒரு பேரரசின் படை எழுந்தது. தெருச்சண்டைகளில் வளர்ந்த கட்சிக்காரர்கள் எவராலும் இதை வகுத்திருக்க முடியாது. இதற்கு நிதியுலகின் மொழியறிந்த ஒருவரும், அவருடைய கையெழுத்தை நம்பும் வங்கிகளும் தேவைப்பட்டன.

அடுத்தது செயற்கைப் பெட்ரோல். ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனம் லோய்னாவில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரிக்கும் ஆலைக்குப் பெருந்தொகையை முடக்கியிருந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை சரிந்ததால் அந்த முதலீடு நட்டத்தை நோக்கிச் சென்றது. 1932லேயே நிறுவனத்தின் இரு அலுவலர்கள் மியூனிக் சென்று ஹிட்லரைச் சந்தித்து, இத்திட்டத்துக்கு அவருடைய ஆதரவு உண்டு என்று அறிந்து வந்தனர். 1933 டிசம்பர் 14ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, நிறுவனம் 1937 இறுதிக்குள் ஆண்டு உற்பத்தியை 3,50,000 டன் அளவுக்கு உயர்த்த வேண்டும். அரசு பத்தாண்டுகளுக்கு விலையையும் கொள்முதலையும் உறுதி செய்யும். நாஜிகளை விரும்பாதவராக அறியப்பட்டவரும், யூத அறிவியலாளர்கள் வெளியேற்றப்படுவதை எதிர்த்து ஹிட்லரிடமே பேசியவருமான கார்ல் போஷ்தான் இதில் நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிட்டவர். இந்த ஓர் ஒப்பந்தம் எனக்கு நிறையக் கற்றுத்தருகிறது. கொள்கையில் உடன்படாத ஒரு நிறுவனமும், தன் நட்டத்தை அரசு சுமக்க முன்வந்தபோது அந்த அரசின் போர்த் திட்டத்தோடு தன் எதிர்காலத்தைப் பிணைத்துக்கொண்டது.

1936இல் நாட்டைப் போருக்கு ஆயத்தமாக்கும் நான்காண்டுத் திட்டம் கோரிங்கின் பொறுப்பில் வந்தபோது அதே நிறுவனத்தின் கார்ல் க்ரௌக் கோரிங்கின் அலுவலகத்தில் பொறுப்பேற்றார். 1938இல் வேதிப்பொருள் உற்பத்திக்கான முழு அதிகாரம் பெற்ற பிரதிநிதியானார். வெடிமருந்து, செயற்கை இரப்பர், எரிபொருள் ஆகியவற்றை நாடு எங்கே, எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசின் சார்பில் திட்டமிட்டவர், அவற்றை உற்பத்தி செய்த நிறுவனத்தின் உயர் பொறுப்பையும் விட்டுவிடவில்லை. ஆலோசனை என்று நாம் இங்கே சொல்வது அறிவுரை கூறுவதை மட்டுமன்று; அரசின் ஒரு கையாகவே செயல்படுவதை.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1933 மே 2ஆம் நாள் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. 1934 ஜனவரியில் வந்த தொழிலாளர் சட்டம் முதலாளியை ஆலையின் 'தலைவர்' என்றும் தொழிலாளர்களை அவரைப் 'பின்தொடர்வோர்' என்றும் வகுத்தது. கூலியைப் பேரம் பேசும் உரிமை முற்றாக மறைந்தது. 1933 ஜூன் முதல் க்ருப்பின் தலைமையில் 'ஜெர்மன் பொருளாதாரத்தின் அடால்ஃப் ஹிட்லர் நன்கொடை' என்ற பெயரில் நிறுவனங்களின் கூலித் தொகையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் பணம் திரட்டப்பட்டது. இது பாதி நன்கொடை, பாதி வரி. கட்சியின் பல கிளைகளும் தனித்தனியே வசூலுக்கு வருவதைத் தவிர்க்கலாம் என்பதற்காகவே நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை விரும்பின. கெப்லரின் வட்டமோ நாளடைவில் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைத் தலைவரான ஹிம்லரின் 'நண்பர் குழு'வாக மாறி, ஷ்ரோடரின் வங்கியிலிருந்த தனிக் கணக்கின் வழியாக அவருடைய கைக்கு ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் ரைஷ்மார்க் கொடுத்து வந்தது. எஃகுத் தொழிலதிபர் ஃப்ரீட்ரிக் ஃப்ளிக்கின் நிறுவனம் அதில் ஆண்டுக்கு 1,00,000 ரைஷ்மார்க் செலுத்தியது.

கரைமரம் எழுதியது:

இரு பதில்களும் சிறப்பானவை. ஆயினும் அச்சம் என்பதை முற்றாக ஒதுக்குவதை என்னால் ஏற்க இயலவில்லை. விமானத் தொழிலின் முன்னோடியான ஹியூகோ யுங்கர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இலேயே தேசத்துரோகக் குற்றச்சாட்டு வரும் என்று மிரட்டி, அவருடைய காப்புரிமைகளையும் பெரும்பான்மைப் பங்குகளையும் அரசு பறித்துக்கொண்டது. தம் ஆலை இருந்த டெஸ்ஸாவில் காலடி வைக்கவும் தடை விதிக்கப்பட்டு, வீட்டுக் காவலில் இருந்தபடியே 1935 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே 1933 ஏப்ரல் 1ஆம் நாள் நாஜிக் கட்சியின் தெருப்படையான எஸ்.ஏ. ஆட்கள் தொழில்துறைப் பேரவையின் பெர்லின் அலுவலகத்துக்குள் நுழைந்து, அதன் நிர்வாகியையும் யூத அலுவலர்களையும் வெளியேற்றச் செய்தனர். 1937இல் தரம் குறைந்த ஸால்ஸ்கிட்டர் இரும்புத் தாதுவை உருக்கும் அரசு ஆலையைக் கோரிங் தொடங்கியபோது, ரூர் எஃகு அதிபர்கள் சேர்ந்து எதிர்ப்பு அறிக்கை ஒன்றை வெளியிட முனைந்தனர். நாசவேலைக் குற்றம் சுமத்தப்படும் என்ற எச்சரிக்கை வந்ததும் பின்வாங்கினர். முதல் ஆதரவாளரான தைஸ்ஸனே 1939இல் போரை எதிர்த்துத் தந்தி அனுப்பிவிட்டு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்ப நேர்ந்தது. அவருடைய சொத்து பறிமுதலாயிற்று, குடியுரிமை நீக்கப்பட்டது, பிரான்சில் பிடிபட்டு வதைமுகாம்களில் அடைபட்டார். இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் விரும்பியே எல்லாம் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா?

பேரேடு எழுதியது:

கரைமரம் அவர்களின் எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றும் உண்மை. அவை காட்டுவது என்ன என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். யுங்கர்ஸும் தைஸ்ஸனும் மறுத்ததற்காகத் துன்புற்றவர்கள். அத்தகைய மறுப்பு எதையும் வெளிப்படுத்தாதவர்களுக்காக அவர்களுடைய துன்பத்தை நாம் கேடயமாக்க முடியாது. 1933 ஏப்ரல் நிகழ்வையே பாருங்கள். பேரவையின் துணைத் தலைவரும் ரூர் பகுதியின் மிகச் செல்வாக்குள்ள தொழிலதிபர்களுள் ஒருவருமான பால் சில்வர்பெர்க், யூதப் பிறப்பினர் என்பதற்காகப் பதவிகளை இழந்து ஸ்விட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார். நெடுங்காலம் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்த சகாக்கள் அவருக்காகப் போராடவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் க்ருப் நன்கொடை நிதியின் தலைமையை ஏற்றார்.

மேலும், பொருளாதாரத் துறையில் இந்த ஆட்சி எல்லாவற்றையும் துப்பாக்கி முனையில் செய்யவில்லை. வைகறை விளக்கிய பெட்ரோல் ஒப்பந்தத்தைப் போல, விலை உத்தரவாதம், கடன், நட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கொடுத்தே தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் பெற்றது. நிபந்தனைகளைப் பேரம் பேசவும், சில திட்டங்களைத் தள்ளிப்போடவும் நிறுவனங்களுக்கு இடமிருந்தது. அந்த இடத்தை இலாபத்தைக் காக்கவே பயன்படுத்தினார்கள். 1938இல் யூதக் குடும்பமான பெட்செக்குகளின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை ஃப்ளிக் கைப்பற்றியபோது அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. கோரிங்கிடம் தாமே அணுகிப் பேச்சுவார்த்தை அதிகாரத்தைக் கேட்டுப் பெற்றார். ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் போஷ் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த கோர்டலருக்குத் தம் நிறுவனத்திலேயே ஊதியமும் பாதுகாப்பும் கொடுத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர்களும் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதையும் அதோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

தேடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரே நிகழ்ச்சியை இரு தரப்பினரும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது. தைஸ்ஸனின் விதிவிலக்கை எல்லோருக்கும் பொதுவாக்குகிறார் ஒருவர்; யுங்கர்ஸின் விதிவிலக்கை எல்லோருக்கும் பொதுவாக்குகிறார் இன்னொருவர். நீதிமன்றங்கள் இவர்களை எதற்காகத் தண்டித்தன என்பதையும் யாராவது விளக்க இயலுமா? பணம் கொடுத்ததே குற்றமாகக் கருதப்பட்டதா?

நீதிமுறை எழுதியது:

நான் இவ்வழக்குகளின் தீர்ப்புகளை ஓரளவு படித்தவன் என்பதால் பதிலளிக்கிறேன். ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுப்பது அதனளவில் குற்றமாகாது என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பன்னாட்டு நீதிமன்றம் 1946 அக்டோபர் 1ஆம் நாள் ஷாக்ட்டை விடுதலை செய்தது. ஆயுதப் பெருக்கத்தில் அவருக்கிருந்த பங்கை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆக்கிரமிப்புப் போருக்காகவே அதைச் செய்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். சோவியத் நீதிபதி உடன்படாமல் தனிக் கருத்து எழுதினார். அதே நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த குஸ்டாவ் க்ருப் உடலாலும் மனத்தாலும் நலிந்திருந்ததால் விசாரிக்கப்படவில்லை.

அதன் பின் அமெரிக்க இராணுவ நீதிமன்றங்களில் மூன்று தொழிலதிபர் வழக்குகள் நடந்தன. ஃப்ளிக் வழக்கில்தான் பணம் கொடுத்ததற்காகவே தண்டனை கிடைத்தது என்பது தேடல் அவர்களின் கேள்விக்கு நேரான விடை. எஸ்.எஸ். அமைப்பு குற்ற அமைப்பு என்பது தெரிந்திருந்தும் ஹிம்லரின் நண்பர் குழுவின் வழியாக அதற்குத் தொடர்ந்து பணம் கொடுத்தது குற்றம் என்று 1947 டிசம்பரில் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கட்டாய உழைப்பு, பிற நாட்டுச் சொத்தைக் கவர்ந்தது ஆகியவற்றையும் சேர்த்து ஃப்ளிக்குக்கு ஏழாண்டுச் சிறை. பெட்செக் சுரங்கங்களைப் பறித்ததோ போருக்கு முந்தைய செயல் என்பதால் தம் அதிகார வரம்புக்குள் வராது என்று கைவிட்டனர். இந்தத் தீர்ப்பில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தப் பகுதியே.

ஐ.ஜி. ஃபார்பென் வழக்கில் விசாரிக்கப்பட்ட 23 பேரில் 13 பேர் தண்டனை பெற்றனர், 10 பேர் விடுதலையாயினர். போரைத் திட்டமிட்டதாகச் சாட்டப்பட்ட குற்றத்திலிருந்து அனைவரும் விடுபட்டனர். நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸ் அருகே செயற்கை இரப்பர் ஆலைக்கான இடத்தை ஆராய்ந்து தேர்ந்த ஓட்டோ அம்ப்ரோஸுக்கு எட்டாண்டு. அதுவே அந்த வழக்கின் உச்சத் தண்டனை. அந்த ஆலைக்காக 1942 அக்டோபரில் மோனோவிட்ஸ் முகாம் திறக்கப்பட்டது. கைதி ஒருவருக்கு நாளொன்றுக்கு, தேர்ச்சியற்றவரென்றால் 3 ரைஷ்மார்க், தேர்ச்சியுள்ளவரென்றால் 4 ரைஷ்மார்க் என்று நிறுவனம் கொடுத்தது. கைதிக்கு அல்ல, எஸ்.எஸ். படைக்கு. பல்லாயிரம் பேர் அங்கே உழைத்தும் பசித்தும் மடிந்தார்கள். உழைக்க முடியாதவர்கள் ஆஷ்விட்ஸ் முகாமின் பகுதியான பிர்கெனாவின் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 'வேறு வழியில்லாமல் செய்தோம்' என்ற வாதத்தை இந்த வழக்கின் நீதிபதிகள் பல நிலைகளில் ஏற்றார்கள். ஆனால் ஆஷ்விட்ஸைப் பொறுத்தவரை நிறுவனத்தின் சொந்த முன்முயற்சி அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் அங்கே அந்த வாதம் எடுபடவில்லை.

குஸ்டாவின் மகன் ஆல்ஃப்ரீட் க்ருப்புக்கு 1948 ஜூலையில் பன்னிரண்டு ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன. 1951இல் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மக்ளாய் அவரை விடுவித்து, சொத்தையும் திருப்பியளித்தார். பனிப்போர் முற்றிக்கொண்டிருந்தது, மேற்கு ஜெர்மனியின் எஃகு தேவைப்பட்டது. ஃப்ளிக் 1950லேயே வெளிவந்திருந்தார். ஐ.ஜி. ஃபார்பென் வழக்கில் ஏழாண்டு தண்டிக்கப்பட்ட ஃப்ரிட்ஸ் டெர் மேர் 1956இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவரானார்.

இழப்பீட்டின் கதை இன்னும் நீண்டது. 1944 கோடையில் ஜெர்மனியில் வேலை வாங்கப்பட்ட அயல்நாட்டவரும் போர்க்கைதிகளும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். க்ருப் நிறுவனம் 1959இல் தன்னிடம் உழைத்த யூதக் கைதிகளுக்கு அதிகபட்சம் ஒரு கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது. ஃப்ளிக் 1972இல் இறக்கும்வரை எதுவும் தரவில்லை. அந்நாளில் அவர் மேற்கு ஜெர்மனியின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். அவருடைய நிறுவனத் தொகுதியை 1980களின் நடுவில் டாய்ச்ச வங்கி வாங்கிய பிறகே 50 இலட்சம் மார்க் கொடுக்கப்பட்டது. அரசும் நிறுவனங்களும் சரிபாதியாகச் சேர்ந்து 1,000 கோடி மார்க் நிதியுடன் ஓர் அறக்கட்டளையை அமைத்தது 2000ஆம் ஆண்டில். 2001 முதல் 2007 வரை சுமார் 16.6 இலட்சம் பேருக்கு அது பணம் வழங்கியது. போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்ததால், கட்டாயமாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.